நூறு சதவீதத் தேர்ச்சி போதுமா? கல்லூரிக்குத் தயார் செய்யும் அரசுப் பள்ளியை எதை வைத்து அடையாளம் காண்பது?

கரும்பலகை | 11 மே 2025, இரவு 9.40

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்து மூன்று நாள் ஆகிறது. மாநிலத் தேர்ச்சி 95.03 சதவீதம். எங்கள் பள்ளி நூறு தொடவில்லை. நான்கு பேர் போய்விட்டார்கள், அதில் மூன்று பேர் என் பாடத்தில். நான் அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் முதுகலைக் கணித ஆசிரியை. பதினான்கு வருட சர்வீஸ்.

தேர்ச்சி பெறாத அந்த நால்வரைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றியதால்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன் ஜூன் மாதம், பத்தாம் வகுப்பில் 210, 220 மார்க் எடுத்த இரண்டு பையன்கள் ஃபர்ஸ்ட் குரூப் கேட்டு வந்தார்கள். "இவ்வளவு மார்க்குக்கு ஃபர்ஸ்ட் குரூப்பா? ரிசல்ட் கெட்டுப்போகும்" என்பதுதான் பல பள்ளிகளில் முதலில் வரும் பதில். எங்கள் ஹெச்.எம். என்னைக் கூப்பிட்டு, "நீங்கள்தான் எடுக்கப் போகிறீர்கள், சொல்லுங்கள்" என்றார். சேர்த்துக்கொள்ளலாம் என்றேன். ஒருவன் இப்போது கணக்கில் 61 எடுத்து இன்ஜினியரிங் கவுன்சலிங்குக்குப் பதிவு செய்யப் போகிறான். இன்னொருவன் 28. இரண்டு பேரையும் வாசலிலேயே திருப்பி அனுப்பியிருந்தால் இந்த 28 எங்கள் கணக்கில் வந்திருக்காது. அந்த 61-உம் உலகத்தில் இருந்திருக்காது.

மீளாய்வுக் கூட்டத்தில் ஹெச்.எம். எழுந்து நின்று காரணம் சொல்ல வேண்டும். நூறு காட்டிய பள்ளிக்குச் சால்வை, கேடயம். அந்தப் பள்ளிகளைக் குறைத்துச் சொல்லவில்லை. எத்தனையோ ஆசிரியர்கள் மாலை ஏழு மணி வரை உட்கார்ந்து அந்த நூறைக் கொண்டுவருகிறார்கள், எனக்குத் தெரியும். என் கேள்வி வேறு. ஒரு பிள்ளையைக் கல்லூரியில் தாக்குப்பிடிக்கும்படி தயார் செய்து அனுப்பும் அரசுப் பள்ளி எது என்று கண்டுபிடிக்க நம்மிடம் ஏதாவது அளவுகோல் இருக்கிறதா? கல்லூரியில் வேலை செய்பவர்கள், பழைய மாணவர்கள், பெற்றோர் எல்லோரும் சொல்லுங்கள்.

---

மேட்டுத்தெரு | 11 மே 2025, இரவு 10.05

டீச்சர், முதலில் அந்த 28 எடுத்த தம்பியைத் துணைத்தேர்வுக்குப் பணம் கட்டச் சொல்லுங்க. ஜூன் கடைசியில் பரீட்சை. பாஸ் பண்ணிட்டா இந்த வருஷமே கல்லூரியில் சேரலாம். போன வருஷம் எங்க தெருப் பையன் அப்படித்தான் பி.காம். சேர்ந்தான்.

---

கரும்பலகை | 11 மே 2025, இரவு 10.11

சொல்லிவிட்டேன் அண்ணா. நாளை முதல் என் வீட்டுத் திண்ணையில்தான் வகுப்பு.

---

மூன்றாம்_பெஞ்ச் | 12 மே 2025, காலை 7.20

வணக்கம் டீச்சர். நான் ஒரு பொறியியல் கல்லூரியில் முதலாம் ஆண்டுக் கணிதம் எடுப்பவன். நீங்கள் கேட்ட அளவுகோல் ஒவ்வொரு வருடமும் முதல் செமஸ்டர் ரிசல்ட் வரும்போது எங்கள் கையில் இருக்கிறது. யாரும் வந்து கேட்டதில்லை.

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் முதல் செமஸ்டர் கணக்குத் தாள் அணிகளும் நுண்கணிதமும். எல்லை, வகையிடல், தொகையிடல் மூன்றுக்கும் அடிப்படை ப்ளஸ் ஒன் புத்தகத்தின் இரண்டாம் தொகுதியில் இருக்கிறது. ப்ளஸ் டூவில் வருவது அவற்றின் பயன்பாடு. ப்ளஸ் ஒன்னை ஒழுங்காக நடத்தாத பள்ளியிலிருந்து வரும் பிள்ளையை இரண்டே வாரத்தில் கண்டுபிடித்துவிடலாம். புத்தகத்தில் உள்ள கணக்கை அப்படியே போட்டுவிடுவார். எண்ணை மாற்றிக் கொடுத்தால் பேனா நின்றுவிடும்.

ப்ளஸ் டூ கணக்கில் எழுத்துத் தேர்வு 90, அகமதிப்பீடு 10. இரண்டும் சேர்ந்து 35 வந்தால் தேர்ச்சி. 35-க்கும் 45-க்கும் நடுவே முழு வகுப்பையும் கரையேற்றி நூறு சதவீதம் காட்ட முடியும். "மினிமம் மெட்டீரியல்" என்று ஒரு சின்னப் புத்தகம் போதும். அதிலிருக்கும் பத்து இருபது கேள்வியைத் திருப்பித் திருப்பி எழுத வைத்தால் பிள்ளை பாஸ் ஆகிவிடும். ஆனால் அந்தப் பிள்ளை எங்களிடம் வந்து முதல் செமஸ்டரில் மூன்று அரியர் வைத்து, இரண்டாவது செமஸ்டரில் ஐந்தாகி, வீட்டில் சொல்லப் பயந்து வேலைக்குப் போய்விடுகிறது. ஒரு பையன் அப்படிப் போனபின் அவன் அப்பா டிசி வாங்க வந்தார். "ஸ்கூல்ல நல்லாத்தான் சார் படிச்சான்" என்றார். அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை.

மாறாக, 60 மார்க்கோடு வந்து முதல் மாதம் திணறி, பிறகு தானாக எழுந்து நிற்கும் பிள்ளைகளும் உண்டு. அவர்களிடம் எந்தப் பள்ளி என்று கேட்டுக் குறித்து வைத்திருக்கிறேன். சில அரசுப் பள்ளிகளின் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. இதுவரை அந்தப் பள்ளிகளுக்கு நான் ஒரு கடிதம்கூட எழுதியதில்லை. இதை எழுதும்போதுதான் உறைக்கிறது.

---

மலைப்பாதை | 12 மே 2025, மதியம் 1.15

ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் நான். கல்வராயன் மலையில் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் ஒன்பது ஆண்டு இருந்தேன். டீச்சர் மீதும் பேராசிரியர் மீதும் மரியாதையோடு ஒன்று சொல்கிறேன்: தேர்ச்சி சதவீதத்தை இவ்வளவு லேசாகத் தள்ளிவிடாதீர்கள்.

எங்கள் பிள்ளைக்கு ப்ளஸ் டூ ஃபெயில் என்றால் துணைத்தேர்வு, அடுத்த வருடம் என்றெல்லாம் கிடையாது. அடுத்த வாரமே மிளகு பறிக்கவோ, கேரளாவுக்கோ, செங்கல் சூளைக்கோ போய்விடும். பெண் பிள்ளை என்றால் கல்யாணம். அந்த 35 மார்க்தான் கதவு. மினிமம் மெட்டீரியலை ராத்திரி பத்து மணி வரை என் ஆசிரியர்கள் படிக்க வைத்ததால்தான் சில ஊர்களில் முதல் தடவையாகப் பெண் பிள்ளைகள் மலையிறங்கிக் கல்லூரிக்குப் போனார்கள்.

இன்னொன்று. "இரண்டாம் ஆண்டிலும் கல்லூரியில் இருக்கிறார்களா" என்று அளந்தால் என் பள்ளி தோற்றுவிடும். பேராசிரியர் அதைத்தான் கேட்கப்போகிறார் என்று நினைக்கிறேன், அதனால் முன்கூட்டியே சொல்கிறேன். என் பிள்ளைகள் நின்றது கணக்கு வராததால் மட்டும் இல்லை. விடுதியில் இடம் கிடைக்கவில்லை. பொங்கலுக்கு வந்தவன் திரும்பிப் போகக் காசில்லாமல் தங்கிவிட்டான். ஒரு பெண்ணுக்கு அம்மா இறந்துபோய்த் தம்பி தங்கையைப் பார்க்க வேண்டி வந்தது. அதையெல்லாம் பள்ளியின் குறை என்று எழுதுவீர்களா?

---

முதல்பட்டதாரி_பொண்ணு | 12 மே 2025, இரவு 8.50

ஐயா சொன்னதைப் படித்ததும் அழுதுவிட்டேன். எழுதாமல் இருக்க முடியவில்லை.

நான் 2019 ப்ளஸ் டூ. எங்க வீட்டில் அண்ணன் பத்தாவதோடு நின்றவன், நான்தான் முதல். மார்க் நல்லாவே இருந்தது. கட்-ஆஃப் 200-க்கு 148. பள்ளிக்கூடத்தில் பாடம் நன்றாக நடத்தினார்கள், குறையே சொல்ல மாட்டேன். ஆனால் ரிசல்ட் வந்த அன்றைக்கு எல்லாம் முடிந்துவிட்டது. ஹால் டிக்கெட், மார்க் ஷீட், டிசி கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

கவுன்சலிங் ஆன்லைனுக்கு மாறி இரண்டாவது வருடம் அது. பிரவுசிங் சென்டர் அண்ணன்தான் எனக்கு ஃபார்ம் போட்டார். சாய்ஸ் ஃபில்லிங், அதாவது வேண்டிய கல்லூரிகளை வரிசைப்படுத்திப் பதிவது, என்றால் என்னவென்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. எனக்குப் பெயர் தெரிந்த நான்கு கல்லூரிகளை மட்டும் போட்டேன். நான்கிலும் கிடைக்கவில்லை. என்னைவிடக் குறைந்த கட்-ஆஃப் வைத்த பிள்ளைகள் எண்பது, நூறு சாய்ஸ் போட்டு நல்ல இடம் வாங்கியிருந்தார்கள். கூடவே முதல் பட்டதாரிச் சான்று வாங்கத் தாலுகா ஆபீஸுக்கு ஐந்து தடவை அலைந்தோம். அப்பாவுக்கு ஐந்து நாள் கூலி போனது.

அந்த வருடம் சும்மா இருந்தேன். அடுத்த வருடம், எனக்குப் பாடமே எடுக்காத தாவரவியல் டீச்சர் ஒருவர் சந்தையில் பார்த்து, "என்னம்மா, எங்க சேர்ந்த?" என்று கேட்டார். சேரவில்லை என்றேன். மறுநாளே வீட்டுக்கு வந்துவிட்டார். அவர் மகனுடைய லேப்டாப்பில் உட்கார்ந்து அரசுக் கலைக் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டார். சான்றிதழ்களை வரிசையாக ஒரு ஃபைலில் வைத்து, மேலே ஒரு பட்டியல் எழுதித் தந்தார். சாதிச் சான்று, வருமானச் சான்று, ஆதார், வங்கிப் புத்தகம், போட்டோ பத்து. அந்த ஃபைல் இன்னும் என்னிடம் இருக்கிறது. பி.எஸ்ஸி. முடித்தேன். இப்போது எம்.எஸ்ஸி.

கல்லூரிக்குத் தயார் செய்வது என்றால் என்னைப் பொறுத்தவரை மே முதல் ஜூலை வரை அந்தப் பள்ளி என்ன செய்கிறது என்பதுதான். பாடம் பாதி. மீதி அந்த மூன்று மாதம். ரிசல்ட்டுக்குப் பிறகும் திறந்திருக்கும் பள்ளிக்கு விருது கொடுங்கள்.

---

கரும்பலகை | 12 மே 2025, இரவு 10.30

நன்றி தங்கச்சி. உன் தாவரவியல் டீச்சரை நான் பார்க்க வேண்டும்.

இப்போது நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. 2022-இல் அரசின் நான் முதல்வன் வழிகாட்டல் திட்டம் வந்தது, அதே வருடம் மேற்படிப்பு பற்றிச் சொல்லும் கல்லூரிக் கனவு நிகழ்ச்சிகள். ப்ளஸ் டூ முடித்தவர்கள் எங்கே சேர்ந்தார்கள் என்று பள்ளிக்கல்வித் துறையின் எமிஸ் இணையதளத்தில் பதிவு செய்யச் சொல்கிறார்கள். சேராதவர்களைத் தேடிப்பிடிக்க உயர்வுக்குப் படி முகாம் நடக்கிறது. ஆறாவது முதல் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத் தொழிற்கல்வியில் 7.5 சதவீத இடஒதுக்கீடு. மருத்துவத்துக்கு 2020-இல் வந்தது, அடுத்த வருடம் பொறியியல், வேளாண்மை, கால்நடை, சட்டம் எல்லாவற்றுக்கும் விரிந்தது. அந்த இடத்தில் சேர்ந்தவர்களின் கட்டணத்தை அரசே கட்டுகிறது. புதுமைப் பெண் திட்டத்தில் கல்லூரி சேரும் பெண்களுக்கு மாதம் ஆயிரம், போன ஆகஸ்ட் முதல் பையன்களுக்கும் தமிழ்ப் புதல்வன். கதவுகள் திறந்திருக்கின்றன. என் வகுப்பில் பாதிப் பேருக்கு 7.5 என்றால் என்ன என்று ப்ளஸ் டூ அரையாண்டுவரை தெரியாது. அதை ஒன்பதாவதிலேயே சொல்லும் பள்ளியும் இருக்கிறது, கடைசிவரை சொல்லாத பள்ளியும் இருக்கிறது. தேர்ச்சிப் பட்டியலில் இரண்டும் ஒரே வரிசையில் நிற்கின்றன.

மலைப்பாதை ஐயா, உங்கள் கேள்வி சரி. பதில் யோசிக்கிறேன்.

---

ஹூஸ்டன்வாசி | 13 மே 2025, காலை 6.00

இங்கே என் இரண்டு பிள்ளைகளும் அரசு உயர்நிலைப் பள்ளியில்தான் படித்தார்கள். நீங்கள் பேசும் இதே விஷயத்தில் அமெரிக்காவில் நடந்த ஒரு முயற்சியையும் அது இடறிய இடத்தையும் சொன்னால் பயன்படலாம்.

1998-இல் ஜே மேத்யூஸ் என்ற பத்திரிகையாளர் நியூஸ்வீக்கில் "சேலஞ்ச் இண்டெக்ஸ்" என்று ஒரு தரவரிசை கொண்டுவந்தார். கணக்கு ரொம்ப எளிது. கல்லூரித் தரத்திலான ஏ.பி., ஐ.பி. தேர்வுகளை அந்தப் பள்ளியில் மொத்தம் எத்தனை எழுதினார்கள் என்று எண்ணி, அதை அந்த வருடம் படிப்பை முடித்து வெளியேறும் மாணவர் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். மார்க்கைப் பார்ப்பதில்லை, எழுதினார்களா என்று மட்டும் பார்க்கும். ஏழைப் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் "உன்னால் முடியாது" என்று கடினமான வகுப்புக்கு வெளியே நிறுத்துகிறார்களே, அதை உடைக்கத்தான் அப்படிச் செய்தார். டீச்சர் அந்த இரண்டு பையன்களைச் சேர்த்துக்கொண்டதும் இதே நியாயம்தான்.

ஓட்டை எங்கே விழுந்தது தெரியுமா? வகுக்கும் எண்ணில். படிப்பை முடிப்பவர்களால் மட்டும் வகுத்தால், நடுவில் நின்றவர்கள் கணக்கிலேயே வர மாட்டார்கள். பாதிப் பேர் இடைநின்ற பள்ளிகூட மேலே வந்துவிடலாம் என்று கல்வி ஆய்வாளர்கள் கடுமையாக எழுதினார்கள். நீங்கள் எந்த அளவுகோல் வைத்தாலும் கீழே என்ன எண் வருகிறது என்று முதலில் பாருங்கள்.

மேத்யூஸ் இன்னொன்றும் செய்தார். மாணவர்களைத் தேர்வு வைத்துப் பொறுக்கி எடுக்கும் பள்ளிகளில் சராசரி மதிப்பெண் ரொம்ப உயர்ந்தவற்றை முக்கியப் பட்டியலில் சேர்க்காமல் தனிப் பட்டியலாகப் போட்டார். பொறுக்கி எடுத்த பிள்ளைகளை வைத்து வரும் பெருமை அந்தப் பள்ளி உண்டாக்கியது ஆகாது என்பதால்.

---

வைகைக்கரை | 13 மே 2025, காலை 9.30

ஹூஸ்டன் அண்ணன் கடைசியில் சொன்னது நல்லாப் படிக்கிற பிள்ளைங்களைத் தேர்ந்தெடுத்துப் படிக்க வைக்கிற நம்ம அரசு மாதிரிப் பள்ளிகளைக் குத்துவது போல இருக்கு. என் மகள் மாதிரிப் பள்ளியில் படிச்சவள். நான் ஆட்டோ ஓட்டுறேன். ஜேஇஇ (ஐ.ஐ.டி., என்.ஐ.டி. நுழைவுத்தேர்வு) என்ற சொல்லே எங்க வீட்டுக்கு அந்தப் பள்ளி மூலமாத்தான் வந்துச்சு. என்.ஐ.டி.யில் படிக்கிறா. தங்க இடம், சாப்பாடு, கோச்சிங் எல்லாம் கொடுத்தாங்க. 2021-இல் பத்து மாவட்டத்தில் ஆரம்பிச்சது இப்போ எல்லா மாவட்டத்திலும் இருக்கு. அதைப் பெருமையாச் சொல்லக் கூடாதா?

---

மூன்றாம்_பெஞ்ச் | 13 மே 2025, காலை 11.10

கண்டிப்பாகச் சொல்ல வேண்டும் அண்ணா. உங்கள் மகள் அரசுப் பள்ளியிலிருந்து என்.ஐ.டி. போனது எங்கள் எல்லோருக்கும் பெருமை. கேள்வி ஒன்றுதான். அவர் பத்தாவது வரை படித்த ஊர்ப் பள்ளியின் பெயர் அந்தச் செய்தியில் வந்ததா? பத்து வருடம் அடித்தளம் போட்டது அந்தப் பள்ளி. நன்றாகப் படிக்கும் ஐந்தாறு பிள்ளைகள் அங்கே போனபின் அந்தப் பள்ளியின் சராசரி குறையும், மீளாய்வில் திட்டும் விழும். பிள்ளையை அனுப்பி வைத்ததற்கும் ஒரு மதிப்பெண் இருக்க வேண்டும்.

---

வைகைக்கரை | 13 மே 2025, காலை 11.25

வரலை சார். அந்தப் பள்ளி சயின்ஸ் டீச்சர்தான் ஃபார்ம் வாங்கிட்டு வந்து கொடுத்தது. அது நிஜம்.

---

கரும்பலகை | 14 மே 2025, இரவு 9.15

எல்லாவற்றையும் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு யோசித்தேன். எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன், வெட்டிப் பேசுங்கள்.

கீழே வரவேண்டிய எண், நாமினல் ரோலில் (பொதுத்தேர்வு எழுதுவோர் பட்டியலில்) உள்ள எண் இல்லை. ப்ளஸ் ஒன்னில் ஜூலை மாதம் சேர்க்கைப் பதிவேட்டில் இருந்த எண். எங்கள் பள்ளியில் அது 87. பரீட்சை எழுதியவர்கள் 79. எட்டுப் பேரில் மூவர் ஊர் மாறிப் போனவர்கள், ஒருத்திக்குக் கல்யாணம், நான்கு பேர் வேலை. தேர்ச்சி சதவீதம் 79-இலிருந்து தொடங்குகிறது. அந்த ஒருத்தியையும் நான்கு பேரையும் பற்றி எந்தக் கூட்டத்திலும் யாரும் கேட்டதில்லை. நானும் இன்றுவரை கேட்டதில்லை.

மேலே வரவேண்டிய எண்ணை இரண்டு இடத்தில் எடுக்க வேண்டும். ஒன்று, செப்டம்பரில் எத்தனை பேர் கல்லூரியிலோ பாலிடெக்னிக்கிலோ ஐ.டி.ஐ.யிலோ நர்சிங்கிலோ உட்கார்ந்திருக்கிறார்கள். இரண்டாவது, அடுத்த வருடம் அதே செப்டம்பரில் எத்தனை பேர் அங்கேயே இருக்கிறார்கள்.

மலைப்பாதை ஐயாவின் கேள்விக்கு எனக்குத் தெரிந்த நியாயமான வழி, ஒரு பள்ளியை இன்னொரு பள்ளியோடு நிறுத்திப் பார்க்காமல் அதே பள்ளியின் முந்தைய மூன்று வருடத்தோடு பார்ப்பது. மலையிலிருந்து போன பத்துப் பேரில் மூன்று பேர் கல்லூரியில் நிலைத்தது ஐந்து பேராக ஆனால், அது டவுன் பள்ளியில் எண்பது தொண்ணூறாவதைவிடப் பெரிய வேலை. நின்றவர்கள் ஏன் நின்றார்கள் என்று எழுதவும் ஓர் இடம் வேண்டும். விடுதி இல்லை என்று பத்துப் பள்ளி எழுதினால் அது பள்ளியின் குறையாக நிற்காது. விடுதி கட்ட வேண்டியவர் மேசைக்குப் போகும்.

---

மலைப்பாதை | 15 மே 2025, காலை 6.45

"ஏன் நின்றார்கள்" என்ற கட்டம் இருந்தால் எனக்குச் சம்மதம். என் ஒன்பது வருடத்திலும் அந்தக் கட்டம் இருந்திருந்தால் எவ்வளவோ எழுதியிருப்பேன்.

ஒரு எச்சரிக்கை மட்டும். இதை மேலிடத்துக்குச் சொல்லி, எமிஸில் இன்னொரு பக்கமாகச் சேர்த்து, "நாளை மாலை ஐந்து மணிக்குள் பதிவேற்றவும்" என்று வந்துவிட்டால் எல்லாம் பொய்க் கணக்கு ஆகிவிடும். சேராத பிள்ளையைச் சேர்ந்ததாக எழுதுவது ரொம்பச் சுலபம். நூறு என்ற எண்ணுக்கு ஏங்க ஆரம்பித்தால் இதிலும் நூறு வரும்.

---

எஸ்எம்சி_உறுப்பினர் | 15 மே 2025, மதியம் 3.00

எங்க பள்ளி மேலாண்மைக் குழுவில் இதைப் பாதி செஞ்சுட்டு இருக்கோம். முன்னாள் மாணவர்களையும் குழுவில் சேர்த்ததுக்கு அப்புறம் இது சுலபமாச்சு. ஒவ்வொரு பேட்ச்சுக்கும் ஒரு வாட்ஸ்அப் குரூப், அதில் ரெண்டு பொறுப்பான பிள்ளைங்க. ஆடி மாசம் ஒரு தடவை, தை மாசம் ஒரு தடவை யார் எங்க இருக்காங்கன்னு கேட்டு எழுதுறோம். ஆசிரியர் கேட்டா பிள்ளைங்க மழுப்பும். கூடப் படிச்சவன் கேட்டா உண்மை வரும்.

ஒரு கேள்வி கூடவே கேக்கச் சொன்னோம்: "ஸ்கூல்ல எது சொல்லிக் கொடுக்காம விட்டோம்?" அதிகம் வந்த பதில், இங்கிலீஷ்ல லெக்சர் கேட்டு நோட்ஸ் எடுக்கத் தெரியல. தமிழ் மீடியம் பிள்ளைங்க, பாடம் தெரியும், சொல் தெரியாது. 'விசை'ன்னா தெரியும், 'ஃபோர்ஸ்'ன்னா முழிக்கிறாங்க. இப்போ எங்க இயற்பியல் சார் ப்ளஸ் ஒன்னில் இருந்தே பலகையில் ரெண்டு சொல்லையும் பக்கத்துல பக்கத்துல எழுதுறார். ஒரு பைசா செலவில்லை.

---

முதல்பட்டதாரி_பொண்ணு | 15 மே 2025, இரவு 7.40

அந்த இயற்பியல் சார் பள்ளிக்கு என் ஓட்டு.

---

மூன்றாம்_பெஞ்ச் | 10 ஆகஸ்ட் 2025, காலை 8.00

பழைய இழையை மேலே கொண்டுவருகிறேன். நேற்று முன்தினம் மாநிலக் கல்விக் கொள்கை வெளியானது. ப்ளஸ் ஒன் பொதுத்தேர்வு இந்தக் கல்வியாண்டிலிருந்து கிடையாது. எனக்குக் கவலையாக இருக்கிறது.

2017-இல் அந்தத் தேர்வு ஏன் வந்தது என்பதை மறக்கக் கூடாது. பல தனியார் பள்ளிகளில் ப்ளஸ் ஒன் பாடத்தைத் தொடாமல் இரண்டு வருடமும் ப்ளஸ் டூவையே ஓட்டினார்கள். மாநில முதலிடம், மாவட்ட முதலிடம் என்று போட்டோ போட்ட காலம். அதே 2017-இல் ரேங்க் அறிவிப்பதையும் நிறுத்தினார்கள், அது நல்ல காரியம். 1200 மார்க் 600 ஆனது. மறுவருடமே கல்லூரிச் சேர்க்கைக்கு ப்ளஸ் டூ மார்க் மட்டும் போதும் என்று ஆகிவிட்டாலும், பொதுத்தேர்வு இருந்ததால் பாடமாவது நடந்தது. இனி?

---

கரும்பலகை | 10 ஆகஸ்ட் 2025, இரவு 9.00

சார், இதில் எனக்கு இரண்டு மனம். ப்ளஸ் ஒன்னில் மூன்று பாடம் போய், பழைய பாக்கியையும் புதுப் பாடத்தையும் ஒரே வருடத்தில் சுமந்து நொந்துபோன பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். மேலே சொன்ன அந்த நான்கு பேர் வேலைக்குப் போனார்கள் இல்லையா, அதில் இரண்டு பேர் ப்ளஸ் ஒன் ரிசல்ட் வந்த வாரத்தில்தான் நின்றார்கள். அவர்களுக்கு இந்தத் தேர்வு இல்லாமல் இருந்திருந்தால் நல்லது.

ஆனால் உங்கள் பயமும் நிஜம். எங்கள் ஹெச்.எம்.மிடம் இன்று பேசினேன். ப்ளஸ் ஒன் கணக்கு இரண்டாம் தொகுதியில் எதையும் விடுவதில்லை, ஜனவரியில் நாங்களே வினாத்தாள் தயாரித்துப் பக்கத்துப் பள்ளி ஆசிரியரிடம் திருத்தக் கொடுக்கிறோம் என்று முடிவு செய்திருக்கிறோம். உங்கள் கல்லூரி முதல் செமஸ்டர் வினாத்தாள் நான்கைந்து எனக்கு அனுப்புங்கள். எதை நோக்கி நடத்துகிறேன் என்று இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட நான் பார்த்ததில்லை.

---

மூன்றாம்_பெஞ்ச் | 10 ஆகஸ்ட் 2025, இரவு 9.20

இன்றிரவே அனுப்புகிறேன். உங்கள் பள்ளி மாணவர்கள் இருவர் எங்கள் கல்லூரியில் இருக்கிறார்கள் என்று இன்றுதான் பட்டியலில் பார்த்தேன். ஒருவர் இரண்டாம் ஆண்டு, அரியர் இல்லை. இன்னொருவர் இந்த வருடம் சேர்ந்தவர், ப்ளஸ் டூ கணக்கில் 61.

---

கரும்பலகை | 10 ஆகஸ்ட் 2025, இரவு 9.22

அவனா!

---

கரும்பலகை | 27 செப்டம்பர் 2025, மாலை 6.30

எஸ்எம்சி அண்ணன் சொன்ன மாதிரி பேட்ச் குரூப் ஆரம்பித்தோம். கணக்கு இது.

இந்த வருடம்: ப்ளஸ் ஒன்னில் சேர்ந்தவர்கள் 87. ஊர் மாறிய மூவரும் அங்கே படிப்பைத் தொடர்கிறார்கள். இன்று ஏதோ ஒரு படிப்பில் இருப்பவர்கள், அந்த மூவரையும் சேர்த்து, 66. 28 எடுத்த பையன் துணைத்தேர்வில் 47 எடுத்து பாலிடெக்னிக்கில் நேரடி இரண்டாம் ஆண்டில் சேர்ந்திருக்கிறான், அவனும் இதில் அடக்கம்.

போன வருடம் முடித்தவர்கள்: அன்று கல்லூரியில் சேர்ந்த 58 பேரில் இன்றும் இருப்பவர்கள் 43. நான்கு பேர் நின்றுவிட்டார்கள். இரண்டு பேர் கட்டணம், ஒருவன் அரியர், ஒருத்திக்குப் பேருந்து. மாலை வகுப்பு முடிந்தால் ஊருக்குக் கடைசி வண்டி போய்விடுகிறது. அரியர் வைத்த பையன் எந்தப் பாடம் என்று கேட்டேன். கணக்கு. சனிக்கிழமை திண்ணைக்கு வரச் சொல்லியிருக்கிறேன். பேருந்து விஷயத்தை ஹெச்.எம். போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளருக்கு மனுவாக எழுதியிருக்கிறார்.

மீதிப் பதினொரு பேர் போன் எடுக்கவில்லை. அதில் ஆறு பேர் ஒரே ஊர்க்காரர்கள். நாளை ஞாயிறு, காலை ஏழரை வண்டியில் நானும் இயற்பியல் டீச்சரும் அந்த ஊருக்குப் போகிறோம்.